ஐந்து பேருக்குப் பதினோரு தலைவர்கள்

நகரின் கிழக்குப் பகுதியில் எங்காவது குடிநீர்க் குழாய் உடைந்தால் அதை அடைக்க நிறுவனத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். தொலைபேசியில் புகார் வாங்கும் அம்மா ஒருவர், லாரி ஓட்டுநர் ஒருவர், பள்ளம் தோண்டுகிறவர் ஒருவர், குழாய் பொருத்தும் பிட்டர் ஒருவர், இவர்களுக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர். பழைய பம்பு அறைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைதான் அவர்கள் அலுவலகம். அதில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஆறு நாற்காலிகள்.

மேற்பார்வையாளருக்கு ஐம்பத்திரண்டு வயது. மேலிடத்தில் யார் எதைச் சொன்னாலும் "ஆகட்டும் சார்" என்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘ஆகட்டும்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. சரி, அதுவும் ஆகட்டும் என்று இருந்துவிட்டார்.

பிட்டர் அவரைவிட நாலு வயது மூத்தவர். நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தெருவில் ஊன்றி மறுமுனையைக் காதோடு சேர்த்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். கொஞ்சம் தள்ளிப் போவார், திரும்ப நிற்பார். கடைசியில் செருப்பு நுனியால் தரையில் ஒரு கோடு போட்டு, "இங்க தோண்டுங்க" என்பார். தோண்டினால் கசிவு அங்கேதான் இருக்கும். அந்தக் காதை நம்பித்தான் கிழக்குப் பகுதி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

அவர்களுக்கு ஒரே ஒரு தொல்லை உண்டு. சாலையைத் தோண்ட மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றும் தலைமை அலுவலகத்தில் மூன்று மாடிகளில் இருந்தன. குழாயை அடைக்க மூன்று மணி நேரம், கையெழுத்து வாங்க நாலு நாள் என்று வேலை ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தலைமை இயக்குநர் ஐந்து நாள் மாநாடு ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது சாதாரணமாகத்தான் போனார். வரும்போது ‘அஜைல்’ என்ற புது நிர்வாகச் சொல்லோடு வந்தார். நிறுவனம் முழுவதும் அஜைல் ஆகப் போகிறது, முதலில் கிழக்குப் பகுதிப் பழுதுக் குழு ஆகும் என்று எட்டுப் பக்க ஆணை வந்தது. இனி யாரும் யாருக்கும் ஆணை போடக் கூடாது என்பது அதன் முதல் வரி. தலைவர்கள் குழுக்களை ஆதரிக்க மட்டுமே வேண்டும், தவறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்பது கடைசி வரி.

பள்ளம் தோண்டுகிறவர் ஆணையை இரண்டு முறை கேட்டுவிட்டு, அஜைல் என்பது சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் கேட்டார்.

தொடக்க நாளில் தலைமை இயக்குநரே கொட்டகைக்கு வந்தார். கூடவே வெள்ளைக் காலணி போட்ட ஒரு பயிற்சியாளர், தலைமை அலுவலகத்தின் மற்ற பத்துத் தலைவர்கள். இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்று பேசினார்.

"நான் உங்க முதலாளி இல்ல. உங்க சேவகன். இத நீங்க முழு மனசோட நம்பணும். நம்பாதவங்க யார் யாருன்னு எனக்கு சாயங்காலத்துக்குள்ள லிஸ்ட் வேணும்."

ஒவ்வொரு தலைவரும் வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஆதரவு தந்து அதைப் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும் என்பது விதி. நிறுவனத்தில் தலைவர்கள் பதினோரு பேர் இருந்தார்கள். ஆதரிப்பதற்கு இருந்ததோ ஒரே ஒரு குழு. ஆகவே பதினோரு பேரும் தினமும் காலையில் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். சாலை வரைபடம் விரித்திருந்த மேசையின்மேல் பதினோரு தேநீர்க் கோப்பைகள் ஏறின. பள்ளம் தோண்டுகிறவருக்குத் தேநீர் கொண்டுவரும் வேலை வந்து சேர்ந்தது. அதையும் ஒரு தலைவர் தன் படிவத்தில் ‘குழுவுடன் உரையாடல், பத்து நிமிடம்’ என்று எழுதிக்கொண்டார்.

அஜைல் குழு தினமும் காலையில் நின்றுகொண்டுதான் கூட்டம் நடத்த வேண்டுமாம். நின்றால் பேச்சு சுருக்கமாக முடியும் என்று பயிற்சியாளர் விளக்கினார். தலைவர்கள் குழுவைச் சேர்ந்தவர்கள் அல்ல என்பதால் அவர்கள் நிற்கத் தேவையில்லை. ஆறு நாற்காலிகளிலும் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். மீதி ஐந்து நாற்காலிகள் லாரியில் வந்தன. அன்று லாரி வேறு எங்கும் போகவில்லை.

தொலைபேசி அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கூட்டம் தொடங்கி அரை மணி நேரம் ஆனதும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் ஆனதும் மேற்பார்வையாளரைப் பார்த்தார். அந்த அம்மா மட்டும் உட்காரட்டுமே என்று சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மூச்சு நேரம். தலைவர்களில் ஒருவர், ஆதரவு தரும்போது கால் மரத்துப்போவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் அந்த அம்மாவின் பார்வைக்குத் தப்பிச் சுவரைப் பார்த்தார்.

சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டியிருந்தார்கள். அதில் மூன்று கட்டங்கள்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. ஒவ்வொரு புகாரும் ஒரு மஞ்சள் அட்டை. அட்டை மூன்றாவது கட்டத்துக்கு நகரும்போது எல்லோரும் கைதட்ட வேண்டும். தலைவர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. கைதட்ட ஒன்றும் கிடைக்காத காலை வேளைகளில் அவர்கள் வாடிப்போனார்கள்.

இரண்டாவது வாரம் தடைநீக்க நாள் வந்தது. குழுவின் பாதையில் உள்ள தடைகளை நீக்குவதுதான் தலைவனின் முதல் கடமை என்று இயக்குநர் அரை மணி நேரம் பேசினார். பிறகு, என்ன தடை இருந்தாலும் பயப்படாமல் சொல்லலாம் என்றார். பிட்டர் தொண்டையைச் செருமினார்.

"சார், ரோட்டத் தோண்ட மூணு கையெழுத்து வேணும். அந்த மூணு பேரும் இங்கதான் உக்காந்திருக்காங்க. இப்பவே போட்டுக் குடுத்தாங்கன்னா நாங்க கெளம்பிடுவோம். ரெண்டு எடத்துல தண்ணி வீணாப் போயிட்டிருக்கு."

நாற்காலிகளில் மூன்று பேர் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். இயக்குநர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. மிக அருமையான தடை என்று பாராட்டி, அதைத் தன் கையாலேயே ஒரு சிவப்பு அட்டையில் எழுதி ஒட்டினார். இதை ஆராய ஏழு பேர் கொண்ட தடைநீக்கக் குழு அமைக்கப்படும், அதற்கு முறைப்படி விண்ணப்பம் வர வேண்டும், விண்ணப்பத்தில் அந்தந்த மாடித் தலைவர்கள் கையெழுத்திட வேண்டும் என்றார். மூன்று பேர்தான் என்பதால் தாமதம் ஆகாதாம்.

பிறகு மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. டீம்ல எல்லாருமே இப்படித்தான் நெனைக்கிறாங்களா?"

பிட்டர் கேட்ட கையெழுத்துக்காக அந்த மூன்று மாடிகளிலும் பத்தொன்பது வருடம் ஏறி இறங்கியவர் மேற்பார்வையாளர். அவருக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் வாய் தன் பழக்கத்துக்குத் திறந்துகொண்டது.

"அவரு கொஞ்சம் பழைய ஆளு சார். போகப் போக மாத்திடலாம்."

பிட்டர் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். தெரிந்தவர் என்று நினைத்துத் தோளைத் தொட்டு, வேறு யாரோ என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொள்வோமே, அப்படி ஒரு பார்வை. மறுநாளே அவரைத் தலைமை அலுவலகத்தின் நான்காவது மாடியில் மூன்று வார மனப்பாங்குப் பயிற்சிக்கு அனுப்பும் தாள் வந்தது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் மேற்பார்வையாளர் ஒருவர்தான். பத்தொன்பது வருடத்தில் ஒரே நிமிடத்தில் கிடைத்த கையெழுத்து அது ஒன்றே.

பிட்டர் போன மூன்றாம் நாள், கிழக்கு எல்லையில் ஒரு குறுகிய தெருவில் தண்ணீர் நின்றுபோனது. புகார் கொடுத்தவர் மேற்பார்வையாளரின் அக்கா. தம்பி வேலை பார்க்கும் இடமாயிற்றே என்று வீட்டு எண்ணுக்குப் பேசாமல், எல்லோரையும் போல அலுவலக எண்ணுக்குப் பேசிப் பதிவு செய்திருந்தாள். அவள் சுபாவம் அப்படி. அவள் கணவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, படுக்கையில் இருந்தார். வீடு இரண்டாவது மாடி.

அட்டை இரண்டாவது கட்டத்தில் ஏறி அங்கேயே நின்றது. கசிவு எங்கே என்று சொல்லக் காது இல்லை. தெரிந்தாலும் தோண்டக் கையெழுத்து இல்லை. ஆறு நாள் போனது. மற்ற அட்டைகளெல்லாம் புதிதாக இருக்க, அது ஒன்று மட்டும் ஓரம் சுருண்டு கிடந்தது.

ஏழாம் நாள், வெளி நிறுவனங்களிலிருந்து ஒரு கூட்டம் இந்த அதிசயக் குழுவைப் பார்க்க வந்தது. அவர்கள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பு பயிற்சியாளர் பலகையைப் பார்த்து முகம் சுளித்தார். அந்த அட்டை ஏன் நகரவில்லை என்று கேட்டார். வேலை முடியவில்லை என்று மேற்பார்வையாளர் சொன்னார். பயிற்சியாளர் பொறுமையாக விளக்கினார்: முடிந்தது என்றால் தண்ணீர் வந்தது என்று அர்த்தம் இல்லை. குழு தன்னால் முடிந்ததைச் செய்து முடித்தது என்றுதான் அர்த்தம். தண்ணீர் என்பது விளைவு. விளைவு குழுவின் கையில் இல்லை. உங்களால் இதற்குமேல் ஏதாவது செய்ய முடியுமா? முடியாது. அப்படியானால் முடிந்துவிட்டது.

விருந்தினர்கள் உள்ளே வந்தார்கள். பதினோரு தலைவர்களும் மேற்பார்வையாளரின் கையைப் பார்த்தார்கள். சிலர் உள்ளங்கைகளை ஏற்கெனவே நெருக்கமாக வைத்திருந்தார்கள். அட்டையில் இருந்தது தன் அக்காவின் தெரு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஊசியைப் பிடுங்கி, அட்டையை மூன்றாவது கட்டத்தில் குத்தினார்.

கொட்டகைத் தகரம் அதிரக் கைதட்டினார்கள். நாலு நாளாக இருந்த சராசரிப் பழுது நேரம் நாற்பது நிமிடத்துக்கு இறங்கிவிட்டதாக இயக்குநர் விருந்தினர்களிடம் சொன்னார். பேச்சும் கைதட்டலும் சேர்த்து அட்டையை இங்கிருந்து அங்கே குத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத்தான் அளந்திருந்தார்கள்.

மதியம் அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. உங்கள் புகார் மகிழ்ச்சியுடன் முடிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு. கொழாயத் தெறந்து பாத்தேன், காத்துதான் வருது. யாருக்குடா மகிழ்ச்சி?"

ஏதோ கணினிக் கோளாறு, பார்க்கிறேன் என்றார்.

"கீழ உன் பேரு போட்டிருக்குடா," என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அவள் வீட்டுக்குப் போனார். மாடிப்படித் திருப்பத்தில் அக்கா இரண்டு கேன்களை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். இரண்டு தெரு தள்ளியிருந்து தூக்கி வருகிறாள். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. கேனைத் தூக்க அவர் கை நீட்டியபோது கீழ்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று அவர் கையைத் தட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சத்தமாப் பேசாத. மேல போ. நீ எங்க வேல பாக்குறேன்னு இவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

பல வருடமாக அந்தக் கட்டிடம் முழுக்க, என் தம்பி குடிநீர் ஆபீசில் இருக்கிறான் என்று சொல்லித் திரிந்தவள் அவள். அவர் படியேறவில்லை. அக்கா இரண்டு கேன்களோடு மேலே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தெருவில் இறங்கி நேராகப் பிட்டர் வீட்டுக்குப் போனார்.

பிட்டர் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார். தாளின் தலைப்பு ‘எனக்குள் இருக்கும் தடை’. கீழே பத்து வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். பிட்டர் ‘மூன்றாவது மாடி’ என்று மட்டும் எழுதியிருந்தார். மேற்பார்வையாளர் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். மன்னிப்பும் கேட்க நினைத்திருந்தார். அது வாயில் வரவில்லை. பிட்டர் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

லாரி ஓட்டுநரும் பள்ளம் தோண்டுகிறவரும் கூப்பிட்டதும் வந்தார்கள். அனுமதி இல்லாமல் தோண்டுகிறோம், பிடித்தால் நால்வருக்கும் வேலை போகும் என்பது நால்வருக்கும் தெரியும். பிட்டர் தெருவில் மூன்று இடத்தில் நின்று கேட்டார். நான்காவது இடத்தில் கோடு போட்டார். இடுப்பளவு தோண்டியதும் குழாய் தெரிந்தது. விரல் நுழையும் அகலத்துக்கு விரிசல். கிளாம்ப் மாட்டி இறுக்கினார்கள். இரண்டு மணிக்குக் கீழ்வீட்டில் யாரோ தண்ணி வந்திருச்சு என்று சொல்லும் குரல் கேட்டது. மேற்பார்வையாளர் மாடியைப் பார்க்காமல் லாரியில் ஏறிக்கொண்டார்.

திங்கட்கிழமை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். மேற்பார்வையாளர் ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போனார். இயக்குநர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"இதுக்குத்தான் நான் இத்தன நாள் காத்திருந்தேன். டீம் தானாவே முடிவெடுத்துத் தானாவே வேலைய முடிச்சிருக்கு. நீங்க எங்கிட்ட அனுமதி கேக்கல பாருங்க, அதுதான் நான் உங்களுக்குக் குடுத்த ஆதரவு."

அந்த வாரமே பெரிய அரங்கில் பாராட்டு விழா வைத்தார்கள். முன்வரிசையில் பதினோரு தலைவர்களும் உட்கார்ந்தார்கள். மேடையில் மேற்பார்வையாளர். விழா நேரத்தில் பயிற்சி இருந்ததால் பிட்டரை நான்காவது மாடி விடவில்லை. கடைசி நிமிடத்தில் பயிற்சியாளரே வகுப்போடு அழைத்து வந்து பின்வரிசையில் நிறுத்தினார்.

ஒலிவாங்கியைக் கையில் வாங்கியதும் மேற்பார்வையாளருக்கு உள்ளே ஏதோ அறுந்தது. எழுதிக் கொடுத்ததைப் படிக்கவில்லை. தண்ணீர் வராத தெருவின் அட்டையை முடிந்தது என்று நகர்த்தியது தான்தான் என்றார். கையெழுத்து வேண்டும் என்று பிட்டர் கேட்டது நியாயம், அவரைப் பழைய ஆள் என்று சொல்லி அனுப்பியது தன் கோழைத்தனம் என்றார். கால் வலியோடு நின்ற ஒரு பெண்ணைப் பார்க்காத மாதிரி இருந்ததையும் சொன்னார். "எனக்கு வெக்கமா இருக்கு," என்று முடித்தார்.

இத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து அவருக்கு நிம்மதிகூட வந்தது. அப்போது இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாத்தீங்களா? ஒரு சாதாரண ஊழியர் பயமில்லாமத் தன் தப்ப ஒத்துக்கறாரு. இப்படி ஒரு சூழ்நிலைய உருவாக்கினது யாரு? நம்ம தலைமைதான்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கையெழுத்துப் போடாத மூன்று பேரும் மற்றவர்களைவிடச் சத்தமாகத் தட்டினார்கள்.

அதன்பின் மேற்பார்வையாளருக்குக் கொட்டகையில் வேலை இல்லை. ‘வெளிப்படைத்தன்மை வழிகாட்டி’ என்று பதவி கொடுத்து அவரை நான்காவது மாடிக்குக் கொண்டுவந்தார்கள். புதன்கிழமைதோறும் ஒவ்வொரு துறை ஊழியருக்கும் அவர் தன் வெட்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆகட்டும் சார் என்றார். பிட்டரின் வீட்டுப்பாடத்தில் ஒரே ஒரு வரி இருந்ததால், பத்து வரி நிரம்பும்வரை அவர் பயிற்சியைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று முடிவானது. கிழக்குப் பகுதியில் இப்போது குழாய் அடைக்க மூன்று பேர் இருந்தார்கள். பலகையில் எல்லா அட்டைகளும் மூன்றாவது கட்டத்தில் இருந்தன.

முதல் புதன்கிழமை பேசி முடித்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டாம் புதன்கிழமை அவ்வளவு இல்லை. குடும்பத்தையும் சேர்த்துச் சொன்னால் மனதைத் தொடும் என்று பயிற்சியாளர் சொன்னார், அக்காவைச் சேர்த்துக்கொண்டார். மாடிப்படியில் அவள் குரலைத் தாழ்த்தியதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினால் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது என்பதை அவரே கண்டுபிடித்தார். பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் நிறுத்தினார்.

ஆறாவது புதன்கிழமை அந்த இடத்தில் அவருக்கு அழுகை வந்தது. கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மேடையை விட்டு இறங்கித் தண்ணீர் குடிக்கப் போனபோது, முதல் வரிசை ஓரத்தில் கையில் பயிற்சித் தாளோடு பிட்டர் உட்கார்ந்திருந்தார். மேற்பார்வையாளர் அவர் முன்னால் நின்றார். ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தார். எதிர்பார்த்தது பாராட்டைத்தான் என்பதைப் பிற்பாடு நினைத்தபோது அவருக்கே தாங்கவில்லை.

பிட்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "மூணு தடவ கேட்டுட்டேன் சார். மொத தடவ மேடையில சொன்னப்ப அக்காவப் பத்தி ஒரு வார்த்த இல்ல. ரெண்டாவது தடவ அக்கா வந்தாங்க. இன்னிக்கு அழுறீங்க."

அடுத்த வகுப்புக்கு ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் ஒலிவாங்கியை நீட்டினார். மேற்பார்வையாளர் அதை வாங்கவில்லை. பிட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார். அறுபது பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் போனது. இன்னொரு நிமிடமும் போனது.

பயிற்சியாளர் ஒலிவாங்கியைத் தன் வாயருகே கொண்டுபோய் மெல்லிய குரலில், இதுதான் வெளிப்படைத்தன்மையின் அடுத்த கட்டம், பெரும்பாலான நிறுவனங்கள் இந்த மௌனத்தை எட்டுவதே இல்லை என்று விளக்கினார். சிலர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவர் கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பிட்டர் எழுந்தார். "வாங்க சார், போலாம். கெழக்கால மூணு தெருவுல தண்ணி இல்லன்னு நம்ம கொட்டகை அம்மா காலையில எனக்குப் போன் பண்ணினாங்க."

இருவரும் நடுவழியாக நடந்து வெளியே வந்தார்கள். கைத்தட்டல் அவர்கள் பின்னாலேயே வந்தது. மாடிப்படியில் இறங்கினார்கள். மூன்றாவது மாடியில் கேட்டது, இரண்டாவது மாடியிலும் மங்கலாகக் கேட்டது. கீழ்த்தளத்துக்கு வந்தபோது நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் நேரம் தட்டியிருக்கலாம் என்று ஒரு கணம் மேற்பார்வையாளருக்குத் தோன்றியது. அதை அவர் பிட்டரிடம் சொல்லவில்லை.